இருக்கை இல்லாத பயணி

ஓசூர்
12 ஜனவரி 2025

வினிதாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பாப்பாவுக்குச் சளி, குறைந்துகொண்டு வருகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அந்த ஊர்க் குளிர் பழகிவிட்டதா?

இனி நாம் போனில் பேச வேண்டாம், எழுதுவோம். போன் எடுத்தால் ரெண்டு பேரும் கத்துகிறோம். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். எழுதினால், டைப் அடிக்கிற நேரத்தில் கோபம் பாதி ஆறிவிடும். என்னோடு மெயின்டனன்ஸில் இருக்கிற மணிவேல், "பொண்டாட்டிக்கு மெயில் போடுற ஒரே ஆள் நீதான்டா, சிசி-யில மேனேஜரையும் போடு" என்கிறான்.

ஒன்றை எழுதிவிட்டு அதை மூடிவிடுகிறேன். ரெண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் அயர்லாந்து போனாய். ஆறே மாசத்தில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் எனக்குச் சொன்னாய். சரி. முடிந்தது.

நீ போகும்போது பாப்பா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடுகிறாள். வீடியோ கால் அவளிடம் செல்லவில்லை. உன் முகம் வந்ததுமே சிவப்புப் பட்டனை அமுக்கிவிடுகிறாள். அதனால் கம்பெனி முறையில் போகலாம் என்று இருக்கிறேன். எங்கள் லைனில் புதிதாக வருகிறவர்களுக்கு, சரியான பாகம் எப்படி இருக்கும் என்று போட்டோ எடுத்து, லேமினேட் பண்ணி, கண் உயரத்தில் ஒட்டிவைப்போம். தினமும் பார்த்தால் பழகிவிடும். உன் போட்டோ ஒன்று அனுப்பு. முகம் தெளிவாக இருக்க வேண்டும். கல்யாணப் போட்டோ வேண்டாம், அந்த மேக்கப்பில் எனக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கௌதம்

கார்க், அயர்லாந்து
26 ஜனவரி 2025

அன்புள்ள கௌதமுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அத்தையை மாடி ஏற விடாதீர்கள். பாப்பாவுக்குச் சளிக்குக் கண்டதையும் கொடுக்காதீர்கள், மூக்கில் உப்புத்தண்ணிச் சொட்டு போதும்.

எழுதுவது எனக்கும் நல்லதுதான். போனில் நான் சொல்ல வந்ததை நீங்கள் ஒருநாளும் முடிக்க விட்டதில்லை.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். வார்டு யூனிபார்மில் இருப்பதுதான் முகம் தெளிவாக வந்தது. கருநீலச் சட்டை. முடி கட்டியிருக்கிறேன், பாப்பாவுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும். இருக்குமா என்று தெரியாது.

என்ன சாப்பிடுகிறாள், யாரோடு தூங்குகிறாள், என்னென்ன வார்த்தை பேசுகிறாள், எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் பாணியில் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
வினிதா

ஓசூர்
2 மார்ச் 2025

வினிதாவுக்கு,

அனைவரும் நலம். உன் நலமும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டதற்குப் பதில். இட்லி சாப்பிடுவாள், சட்னி ஆகாது. தூங்குவது என் நெஞ்சில், ஷிப்ட் இருந்தால் அம்மா பக்கத்தில். வார்த்தைகள்: தண்ணி, போ, வேணா, டாட்டா, அப்பா. 'போ'தான் அதிகம். என் பெண் என்பதில் சந்தேகமில்லை.

போட்டோ வேலை செய்துவிட்டது. கட்டில் பக்கத்துச் சுவரில், அவள் உயரத்துக்கு ஒட்டினேன். "இது யாரு?" என்றால் "அம்மா" என்கிறாள். மூன்று வாரத்தில் பலன்.

ஆனால் ஒரு வேடிக்கை. போன சனிக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு சிப்காட் பக்கம் போயிருந்தேன். ஷிப்ட் விட்ட நேரம். லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள் எல்லாரும் கம்பெனி நீலக் கோட்டோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இவள் ஒருத்தியைப் பார்த்து "அம்மா" என்றாள். சரி என்று விட்டேன். அடுத்தவளைப் பார்த்தும் "அம்மா". அப்புறம் வரிசையாக அம்மா, அம்மா, அம்மா. அந்தப் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கை நீட்டினாள். இவள் தாவிப் போய்விட்டாள்.

"அண்ணா, கொழந்த உடவே மாட்டேங்குதுங்க, நான் பஸ்ஸு ஏறணும்!"

டிரைவர் ராமப்பன் ஆரன் அடித்துக்கொண்டே, "ஏம்மா, நேத்து வரைக்கும் உனக்குக் கல்யாணமே ஆகலியே!" என்று கத்துகிறார். பஸ்ஸே சிரித்தது. பிரித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீ ஒருத்தி போனாய், பாப்பாவுக்கு ஒரு பஸ் நிறைய அம்மா கிடைத்துவிட்டார்கள்.

தப்பு என்னுடையதுதான். முகத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்க வேண்டும்.

கௌதம்

கார்க்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள கௌதமுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுத நாளாகிவிட்டது. வார்டில் ஆள் குறைவு. அவ்வளவுதான் காரணம்.

மாமாவுக்கு ரத்த அளவு எப்படி இருக்கிறது? ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பாப்பாவை இங்கே கொண்டுவந்து விடுங்கள். இங்கே குழந்தைகள் காப்பகம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் கேட்டு வைத்துவிட்டேன். விசாவுக்கு உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

எனக்கு இப்போது லீவு கிடையாது, நான் வந்து கூட்டிப்போக முடியாது. நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
வினிதா

ஓசூர்
18 மே 2025

வினிதாவுக்கு,

உடம்பு சுகம்தானே?

உன் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதினேன். அனுப்பவில்லை. அதில் இருந்ததெல்லாம் போனில் நான் கத்தி நீ ஏற்கெனவே கேட்டதுதான்.

போன வாரம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். பாப்பா இடுப்பில் இருந்தாள். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அம்மா தன் முழங்கையைக் கொடுத்துத் தாங்கிவிட்டாள். எலும்பு கீறல், மாவுக்கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது: "இனிமே என்னால ஏலாதுடா. புள்ள பெத்தவகிட்ட போகட்டும். நீ மொறைக்காத, நான் அவளச் சொல்லல, உன்னயத்தான் சொல்றேன்."

அப்பா பாப்பாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்தார். டி.வி. ஆன் பண்ணவே இல்லை.

சம்மதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரெண்டு வயசு ஆவதற்கு முன்னால் என்றால் தனி சீட் கிடையாது, மடியில் உட்காரவைத்துக்கொண்டு வரலாமாம். ஆகஸ்ட்டில் வருகிறோம். எனக்கு மூன்று வாரம் லீவு.

கௌதம்

கார்க்
8 ஜூன் 2025

அன்புள்ள கௌதமுக்கு,

அத்தைக்குக் கட்டு எப்போது பிரிப்பார்கள்? விரல்களை அசைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும்.

நீங்கள் தனியாகக் குழந்தையோடு விமானத்தில் வருவதை நினைத்தால்தான் எனக்குப் பயம். சிக்னலில் பச்சை விழுவதற்குள் நாலு தடவை ஆரன் அடிக்கிற ஆள் நீங்கள். அவள் அழுதால் பல்லைக் கடிக்காதீர்கள். இறங்கும்போது காது வலிக்கும், அப்போது எதையாவது சப்பக் கொடுங்கள். மாற்றுத்துணி பாப்பாவுக்கு மட்டும் போதாது, உங்களுக்கும் ஒரு சட்டை கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. வந்தால் திரும்பிப் போக வேண்டும் என்று இல்லை. இங்கே மெஷின் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கிறது. ஓசூருக்குத் திரும்பி வந்து, மறுபடி அந்த பெங்களூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு என்னால் ஆஸ்பத்திரி வேலைக்குப் போக முடியாது. ஆனால் நீங்கள் இங்கே இருந்தால் நாம் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருப்போம். யோசித்துப் பாருங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
வினிதா

ஓசூர்
13 ஜூலை 2025

வினிதாவுக்கு,

நலமா? அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கூட ஒரு ஆள் போய் உட்கார வேண்டும். அந்த ஆள் நான்.

விமானத்துக்கு டிரையல் எடுத்தேன். எதையும் டிரையல் பார்க்காமல் லைனில் ஏற்றுவது எங்கள் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக சேலம் வரை பஸ்ஸில் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஒரு பை நிறைய பொம்மை. ஒன்று சலித்தால் அடுத்தது என்று வரிசை போட்டு வைத்திருந்தேன்.

சூளகிரி தாண்டுவதற்குள் பை காலி. ரப்பர் வாத்து ஜன்னல் வழியாகப் போய்விட்டது. படப் புத்தகத்தை முன் சீட்டுக்காரர் தலையில் போட்டாள். அவர் திரும்பி, "ஏப்பா, ஒன்னோட புள்ளைக்குப் படிப்பு வராதாட்டம் இருக்குதே" என்றார். கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூடைக்காரி ஏறினாள். அந்த வாசனைக்கு ஒரு பத்து நிமிஷம் அமைதி. அப்புறம் கண்டக்டரின் டிக்கெட் மெஷின். கிர்ர் என்று சீட்டு வருவதைப் பார்த்துவிட்டு, அவர் எங்கே போனாலும் இவளும் கையை நீட்டிக்கொண்டு அலறல். நல்ல மனுஷன், பெயர் பரமசிவம், சேலம் வரைக்கும் இவளைத் தன் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கிழிக்க விட்டார். அப்போதுதான் புரிந்தது. வாங்கின பொம்மை எதுவும் அவளுக்கு வேண்டாம். யாராவது வேலை செய்கிறதைப் பார்க்க வேண்டும்.

டிரையல் முடிவு: பை வேண்டாம். என் கை கால் போதும்.

நீ எழுதின மற்ற விஷயம், முதல் பாராவில் பதில் இருக்கிறது.

கௌதம்

ஓசூர்
7 செப்டம்பர் 2025

வினிதாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே அனைவரும் சுகம். அங்கே பாப்பாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

பாப்பாவை அங்கே கொண்டுவந்த விமானத்தில் என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. கேட்க நேரமும் இல்லை. எழுதிவைக்கிறேன், பாப்பா பெரியவள் ஆனால் படித்துக் காட்டு.

பெங்களூரில் ஏறினதும் அவளுக்கு என் பெல்ட்டோடு ஒரு குட்டி பெல்ட் மாட்டினார்கள். அதன் கொக்கியைப் போட்டு, கழற்றி, போட்டு, கழற்றி. அபுதாபி போகிறதில் பாதி நேரம் அதிலேயே ஓடிவிட்டது. பக்கத்து சீட்டில் ஒரு கன்னடக்காரர். "ஒப்ரே பந்திதீரா? தாயி எல்லி?" என்றார். தனியாகவா, அம்மா எங்கே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா ஜன்னலுக்கு வெளியே இறக்கையைக் காட்டினாள். அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. மேலே போய்விட்டாய் என்று எடுத்துக்கொண்டார் போல. திருத்தலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் தன் சாப்பாட்டில் இருந்த கேக்கை எடுத்து இவள் கையில் வைத்துவிட்டார்.

ரெண்டாவது விமானம்தான் நீளம். ஜன்னல் மூடியை மேலே, கீழே. ஐஸ் துண்டைக் கப்பில் போட்டுக் குலுக்கினோம், கரைந்ததும் "இன்னும்" என்றாள், புது வார்த்தை. பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரை என் மூக்கில் ஒட்டினேன். சிரித்தாள். அதை எடுத்து நெற்றியில், காதில், உதட்டில். அந்த நேரத்தில் நீ யார் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, சும்மா ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள். நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தோம். ஒவ்வொரு சீட்டுக்கும் டாட்டா. தூங்குகிறவர்களை எழுப்பி டாட்டா. ஒருத்தர் முறைத்தார். நான் பல்லைக் கடிக்கவில்லை, நம்பு. சாம்பார் சாதத்தை என் சட்டையில் கக்கினாள். மாற்றுச் சட்டை விஷயத்தில் நீ சொன்னது சரி.

எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது. ஷிப்ட் ஷிப்டாக அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினவன் நான். அத்தனை நேரம் அவளை இறக்கிவைக்காமல் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை.

இறங்குவதற்கு முன்னால் முகம் துடைத்து, புதுக் கவுன் போட்டு, தலை சீவி, அம்மா கொடுத்துவிட்ட மையில் கன்னத்தில் பொட்டு வைத்தேன். கம்பெனியில் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் பாகத்தை எண்ணெய் போட்டுத் துடைப்போமே, அந்த மாதிரி. அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் தூங்கிப்போனாள். எல்லாரும் எழுந்து பெட்டியை எடுக்கிறார்கள். நான் எழவில்லை. விமானம் காலியானதற்கு அப்புறமும் உட்கார்ந்திருந்தேன். விமானப் பணிப்பெண் ஒருத்தி வந்து தோளைத் தொட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். உன்னைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாள். சிங்க் பக்கத்தில் நின்று, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்: "நீங்க இருக்கற வரைக்கும் அவ எங்கிட்ட வரமாட்டா." நீ சொன்னது சரியாக இருந்தது. அதனால்தான் லீவு முடிவதற்கு முன்னாலேயே திரும்ப டிக்கெட்டை மாற்றினேன். அவள் மத்தியானம் தூங்கும்போது கிளம்பச் சொன்னதும் நீதான். அதுவும் சரி.

ஒன்று மட்டும் எழுது. எழுந்ததும் என்ன செய்தாள்?

கௌதம்

கார்க்
5 அக்டோபர் 2025

அன்புள்ள கௌதமுக்கு,

இருவரும் நலம். மாமா, அத்தை சுகம்தானே?

பாப்பா நன்றாக இருக்கிறாள். காப்பகத்தில் பழகிவிட்டாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். பால் குடிக்கிறாள். இங்கே மழை விடவே இல்லை.

எழுந்ததும் அழவில்லை.

வினிதா

ஓசூர்
12 அக்டோபர் 2025

வினிதாவுக்கு,

நலம். நலம்தானே?

ஆடிட் அன்றைக்கு நாங்கள் மெஷின் மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி எழுதியிருக்கிறாய். எல்லாம் ஓகே, ஓகே, ஓகே. அந்த சீட்டை எழுதுகிறவனே நான்தான், அதனால் எனக்குத் தெரியும். அழவில்லை என்றால் என்ன செய்தாள்?

வருகிற இருபத்தாறாம் தேதி அவளுக்கு ரெண்டு வயசு. எழுதுவோம் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் போன் பண்ணுகிறேன். கத்த மாட்டேன்.

கௌதம்

கார்க்
16 நவம்பர் 2025

அன்புள்ள கௌதமுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். அங்கேயும் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு நான் உண்மையைத்தான் எழுதினேன், பாதி உண்மை. எழுந்ததும் அவள் அழவில்லை. சிரித்தாள். நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரியைத் திறந்து துணிகளை விலக்கிப் பார்த்தாள். பாத்ரூம் கதவைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தட்டினாள். அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே தேடினாள். என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், நானும் சேர்ந்து தேட வேண்டும் என்று. நானும் தேடினேன், கௌதம். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

சிரிப்பு நின்றது எப்போது என்று என்னால் எழுத முடியாது.

அப்புறம் மெதுவாக என்னிடம் வந்தாள். இப்போது என் மேல் தூங்குகிறாள். அது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இருக்கக் கூடாதா?

பிறந்தநாள் அன்று நீங்கள் அவளோடு பேசினீர்கள் அல்லவா. "பாப்பா, கேக் சாப்டியாடா?" என்று கேட்டதும் அவள் ஒன்றும் சொல்லாமல் போனதாக நினைத்திருப்பீர்கள். ஓடிப்போய் ஷூவை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போனாள். தானே போட்டுக்கொள்ளப் பார்த்தாள், இடது வலது மாறி. நீங்கள் வெளியே நிற்பதாக நினைத்தாள். கதவைத் திறந்து காட்டினேன். யாரும் இல்லை என்று தெரிந்தும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் ஷூவோடு வந்தாள். அதற்கு மறுநாளும்.

அதனால் கொஞ்ச நாளைக்கு போன் பண்ணாதீர்கள். இதைக் கேட்பதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரியும்.

வினிதா

ஓசூர்
23 நவம்பர் 2025

வினிதாவுக்கு,

அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். பாப்பாவுக்கும் உனக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

போன் பண்ண மாட்டேன்.

அந்த ஷூ இந்நேரம் சின்னதாகியிருக்கும். குதிகாலில் கடிக்கும், ஆனால் கழற்ற விடமாட்டாள். ஒரு நம்பர் பெரிசாக வேறு வாங்கிக் கொடு.

அவள் என்னை மறந்ததும் ஒரு வரி எழுது. அப்புறம் போன் பண்ணுகிறேன்.

கௌதம்